மூன்றாவது பள்ளம்

குடியிருப்பின் இருபத்து நாலு வீட்டில் இருபத்து மூன்று வீட்டுக்கு, அட்டையைக் காட்டினால் திறக்கும் கார்டு பூட்டு மாட்டியாயிற்று. பாக்கி ஒரே ஒரு வீடு. அது பூட்டுக்காரருடைய சொந்த வீடு.

சாவியைத் தொலைத்தவர்களுக்குக் கதவைத் திறந்து கொடுப்பதும், யாரும் திறந்துவிடக் கூடாது என்பவர்களுக்குப் பூட்டு மாட்டிக் கொடுப்பதுமாக முப்பது வருஷத்தை ஓட்டியவர் அவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஞானஸ்நானத்தின்போது போதகர் அதைச் சத்தமாகச் சொன்னதோடு சரி, அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. சபையிலும் குடியிருப்பிலும் அவர் பூட்டண்ணன். அவர் மனைவி பூட்டக்கா. "நல்லவேளை, நான் சவப்பெட்டி செய்யல" என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார். எதற்கும் ஒரு சிரிப்பைக் கையிருப்பில் வைத்திருக்கும் மனுஷன்.

குடியிருப்புச் செயலாளர் முதல் வாரம் இதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

"என்ன பூட்டண்ணே, ஊருக்கெல்லாம் மாட்டிட்டு உங்க வீட்டை மட்டும் விட்டுட்டீங்க?"

"டாக்டர் தனக்குத்தானே ஊசி போட்டுக்குவாரா சார்? நல்ல வேலைக்காரன் ஒருத்தன் கிடைக்கட்டும்னு பாக்குறேன்."

"இந்த வட்டாரத்துல உங்களை விட்டா வேற ஆளே இல்லையே."

"அதான் சார் சிக்கலே."

இரண்டாவது வாரம் திருகாணி அளவு சரியில்லை என்றார். மூன்றாவது வாரம் தோள்பட்டை வலி என்றார். நாலாவது வாரம் செயலாளர் சிரிக்காமல் மாடியேறி வந்து, கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றை நீட்டினார். எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும், சனிக்கிழமை ஆறு மணிக்குக் குழுவினர் வந்து பார்ப்பார்கள் என்று அதில் இருந்தது. பூட்டண்ணன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.  

அந்தப் பழைய பூட்டில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு பித்தளைச் சிலிண்டர். வெளியே சாவித்துவாரம், உள்பக்கம் விரலால் திருகும் ஒரு குமிழ். நடுவில் வரிசையாக ஐந்து குட்டிப் பின்கள். சாவியில் இருக்கும் ஐந்து பள்ளமும் அந்த ஐந்து பின்னுக்குச் சரியாக அமைந்தால் பூட்டு திரும்பும், இல்லாவிட்டால் திரும்பாது. உலகத்தில் உள்ள முக்கால்வாசிக் கதவுகளின் ரகசியம் இவ்வளவுதான்.

அந்தப் பூட்டுக்கு மூன்று சாவிகள். ஒன்று அவரிடம், ஒன்று மனைவியிடம். மூன்றாவது துரையிடம்.

துரை அவர்களுடைய ஒரே மகன். எட்டு மணிக்கு முன்னால் எழுந்த சரித்திரம் கிடையாது என்பதால் வீட்டில் வைத்த பட்டப்பெயர் அது. அவனுக்குச் சாவி வெட்டிய அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம், பூட்டண்ணனுக்கு நல்ல பேச்சு. பேச்சு சுவாரசியத்தில் மூன்றாவது பள்ளம் அரை மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கிவிட்டது. விளைவு, அந்தச் சாவியைப் போட்டால் பூட்டு இரண்டு தடவை முரண்டு பிடிக்கும். டக், டக். அப்புறம் சாவியின் கழுத்தை லேசாக மேலே தூக்கி, மூச்சைப் பிடித்துத் திருகினால்தான் வழிவிடும்.

"அப்பா, சாவி சரியில்லப்பா. வேற வெட்டிக் குடுங்க."

"சாவியெல்லாம் சரியாத்தான் இருக்கு. உன் கைதான் சரியில்ல, துரை."

பெற்ற மகனுக்கே தப்பாக வெட்டினான் என்று வெளியே தெரிந்தால் கடைக்கு யார் வருவார்கள்? அதனால் நாலு வருஷம் அந்தக் கையையே குறை சொல்லிக்கொண்டிருந்தார். பையனும் பழகிக்கொண்டான். அந்த இரண்டு 'டக்'கைக் கேட்டாலே துரை வந்துவிட்டான் என்று தெரியும். வாசல் மணி தேவையே இருக்கவில்லை.

அந்தத் துரை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போனான். மூன்றாம் வாரம், கப்பல் நின்ற முதல் துறைமுகத்தில் எல்லாரோடும் கரையிறங்கினான். எல்லாரும் திரும்பி ஏறினார்கள், அவன் ஏறவில்லை. செத்தான் என்று சொல்ல உடல் கிடைக்கவில்லை. இருக்கிறான் என்று சொல்ல ஒரு வரிக் கடிதமும் வரவில்லை. காணவில்லை என்று கம்பெனி ஒரு தாள் அனுப்பியது. பூட்டண்ணன் மூன்று அலுவலகங்களுக்கு நடந்தார். நாலாவது அலுவலகத்தில், முதல் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பெற்றவளுக்கும் தெரியாது.

கப்பலுக்குக் கிளம்பிய அன்று காலையில், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காக அம்மா துரையைத் திட்டினாள். "இதை எடுத்துக் காயப்போடக்கூட ஒரு ஆள் வேணுமா? எங்கேயாவது போய்த் தொலை." எல்லா அம்மாக்களும் தினம் ஒரு தடவையாவது சொல்கிற வார்த்தைதான். அவன் விசிலடித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனான். சாயங்காலம் வந்து சொல்லிவிட்டுப் போவான் என்று அவள் நினைத்தாள். பிற்பகலில் சபைக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாள். ஆனால் கப்பல் சீக்கிரம் கிளம்புகிறது என்று வேனில் ஏற்றிவிட்டார்கள். அவன் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டான். கோபித்துக்கொண்டு போய்விட்டான். அவள் அறிந்த கதை அவ்வளவுதான்.

ஆனால் அவன் வந்தான். நாலு பத்துக்கு வந்தான். வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறான். அன்று பூட்டண்ணன் வீட்டில்தான் இருந்தார். டக், டக் என்று கேட்டதும் அவருக்குள் இருந்த கோமாளி எழுந்துவிட்டான். பூனை மாதிரி நடந்துபோய் உள்பக்கக் குமிழை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"யாரது?"

"நான்தான்ப்பா. திறங்க."

"கடவுச்சொல் சொல்லு."

வெளியே சிரிப்புச் சத்தம். "அப்பா, விளையாடாதீங்க. வேன் நிக்குது."

"'பூட்டுக்காரன் மகன் சாவிகிட்ட தோத்துட்டேன்'னு சொல்லு. திறக்குறேன்."

மறுபடி டக், டக். அவர் விடவில்லை. தெருமுனையில் ஹாரன் அடித்தது. "அப்பா…" என்றான் ஒரு தடவை. அந்த 'அப்பா'வில் சிரிப்பு இல்லை. பிறகு படியில் தடதடவென்று இறங்கும் ஓசை. அம்மாவைக் கூட்டிவரச் சபைக்கு ஓடுகிறான் என்று நினைத்து, பூட்டண்ணன் குமிழைப் பிடித்தபடியே பத்து நிமிஷம் இளித்துக்கொண்டு நின்றார். கதவின் மறுபக்கம் ஆளே இல்லாத இளிப்பு அது. பிற்பாடு முகம் மழிக்கக் கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்த இளிப்புத்தான் அவருக்குத் தெரிந்தது. அதனால் பாதித் தாடியோடு விட்டுவிட்டார். அழகுக்கு என்று சொல்லிக்கொண்டார்.

கம்பெனித் தாள் வந்த மாதமே அந்தச் சத்தம் தொடங்கியது.

தினமும் நாலு பத்து. டக். டக். அவ்வளவுதான். மூன்றாவதாக எதுவும் கிடையாது. சாவி இரண்டு தடவை முரண்டு பிடிக்கும், பிறகு காத்திருக்கும். காத்திருப்பதற்கு ஓசை உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு என்று அவர் சத்தியம் செய்வார். கதவுக்கு வெளியே ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கூடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிடும்.

முதலில் எலி என்றார். அப்புறம் மரம் வெயிலில் காய்ந்து விரிகிறது என்றார். மரம் மழைக்காலத்திலும் அதே நிமிஷத்தில் விரிந்தது. அதன்பின் காரணம் சொல்வதை விட்டுவிட்டு, எங்கே வேலையாக இருந்தாலும் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். வந்து கதவுக்கு எதிரே உட்காருவார். சத்தம் வரும் நேரத்தில் ஏதாவது பாட்டை முணுமுணுப்பார், மனைவிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட எழுந்து போய்த் திறந்ததில்லை. திறந்தால் ஆள் இருக்க மாட்டான் என்பது ஒரு பயம். இருந்துவிட்டால் என்ன முகத்தோடு நிற்பது என்பது அதைவிடப் பெரிய பயம்.

மனைவி ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கழுவி, கொதிநீராவியில் வைத்து, துணியில் பொதிந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். நாலு மணி தாண்டியதும் சமையலறையில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுகிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். தொழில் பழக்கம் என்று நினைத்துக்கொண்டார். அந்த இரைச்சல் தனக்கு வசதி என்றும் நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமைகளில் சபையில் ஜெபக்கூட்டம். வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வேண்டுதலை ஒரு சீட்டில் எழுதிப் போட்டால் போதகர் பிரித்து வாசிப்பார், எல்லாரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். பூட்டக்கா எட்டு வருஷம் ஒரு வாரம் விடாமல் ஒரே வரியை எழுதிப் போட்டாள். "என் மகன் வீடு திரும்ப." போன வருஷத்தோடு அந்தச் சீட்டு நின்றுபோயிற்று. அதற்குப் பதிலாகப் பெட்டியில் ஒரு வெற்றுச் சீட்டு வர ஆரம்பித்தது.

"இதுல ஒண்ணும் எழுதல" என்று போதகர், செயலாளர் தாள் கொடுத்த வாரத்துப் புதன்கிழமையும் தூக்கிக் காட்டினார். நல்ல மனுஷர், கொஞ்சம் கிட்டப்பார்வை. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதைப் போட்டவருக்கு என்ன தேவைன்னு ஆண்டவருக்குத் தெரியும். ஜெபிப்போம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தபால்காரர் பூட்டண்ணனின் விலாவில் இடித்தார். "உங்க குறும்புதானே இது?"

"நான் எழுதினா அவர் ஜெபிக்க மாட்டாருய்யா, சிரிச்சிருவாரு" என்றார் பூட்டண்ணன்.

ஆனால் அது யாருடைய சீட்டு என்று அவருக்குத் தெரியும். நாலு மூலையையும் நடுவுக்குக் கொண்டுவந்து, கடைசி மூலையின் நுனியை மட்டும் வெளியே நீட்டிவிட்டு மடித்திருந்தது. கருவிகளைப் பொதிகிறவர்கள், கை படாமல் பிரிப்பதற்காக அப்படி மடிப்பார்கள். உலகத்தில் வேறு யாரும் ஒரு துண்டுக் காகிதத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுக்க மாட்டார்கள். அவள் கைவிட்டுவிட்டாள் என்று அவர் முடிவு கட்டினார். பழக்கதோஷத்தில் பெட்டியில் வெறும் தாளைப் போடுகிறாள், அவ்வளவுதான்.

தன்னைப் பற்றி அவருக்கு எந்த மயக்கமும் கிடையாது. கண்ணை மூடித் தலையைக் குனிவதில் அந்தச் சபையில் அவரை மிஞ்ச ஆளில்லை. உள்ளே நடப்பது வேறு. "ஆண்டவரே, என் மகனை…" என்று ஆரம்பிப்பார். உடனே ஒரு கதவு வந்து நிற்கும். இந்தத் தடவை அவர் வெளியே நிற்பார். உள்ளே குமிழை யாரோ இறுக்கிப் பிடித்திருப்பார்கள். "கடவுச்சொல் சொல்லு" என்று அவருடைய குரலிலேயே கேட்கும். அவருக்குத் தெரிந்த ஒரே ஒரு சொல்லை, நான்தான் பிடித்திருந்தேன் என்பதை, சொல்லத் தைரியம் வராது. ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்துவிடுவார். ஒன்பது வருஷமாக அவரால் செய்ய முடிந்ததெல்லாம் அந்தப் பூட்டை மாற்றாமல் வைத்திருந்ததுதான். ஜெபம் வராத மனுஷனுக்கு ஒரு பித்தளைப் பூட்டு. அதையும் இப்போது சனிக்கிழமைக்குள் கழற்றச் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்குக் கருவிப்பெட்டியோடு வாசலில் உட்கார்ந்தார்.

"கழட்டப் போறீங்களா?" மனைவி கேட்டாள்.

"செயலாளர் என்னையே கழட்டி மாட்டிருவார் போலிருக்கு."

"கழட்டுங்க. எத்தனை நாளைக்குத்தான்." சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். பாதியில் உடைந்த வாக்கியமா, முடிந்த வாக்கியமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

இரண்டு திருகாணி. ஒரு தட்டு. சிலிண்டர் கையோடு வந்துவிட்டது. கதவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை, அதன் வழியே வராந்தா வெளிச்சம் ஒரு குச்சி மாதிரி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவைத்தார். சிலிண்டரைக் கூடத்து மேசையில் ஒரு துணியின்மேல் வைத்து, சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாத கை என்பதால், பிரித்தும்விட்டார். ஐந்து பின், ஐந்து ஸ்பிரிங், காலியான பித்தளைக் கூடு. தான் ஒன்பது வருஷம் பயந்தது இத்தனூண்டு சாமானுக்கா என்று சிரிக்கப் பார்த்தார்.

டக்.

அவர் மேசையைப் பார்த்தார். பின்கள் துணியின்மேல் கிடந்தன.

டக்.

சத்தம் கதவிலிருந்துதான் வந்தது. பூட்டே இல்லாத கதவிலிருந்து. ஓட்டையில் நீட்டிக்கொண்டிருந்த வெளிச்சக் குச்சி அப்படியே இருந்தது. அதை எதுவும் மறைக்கவில்லை.

பாட்டை முணுமுணுக்க வாய் வரவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. வீட்டில் தண்ணீர்ச் சத்தமும் இல்லை. திரும்பினார். மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கை ஈரமில்லை. அவள் பார்வை கதவின்மேல் இருந்தது.

"பூட்டைக் கழட்டினா நின்னுரும்னு நினைச்சேன்" என்றாள்.

"உனக்கும் கேக்குதா?"

"முதல் நாள்ல இருந்து."

"அப்ப அந்தக் குழாய்…"

"உங்களுக்குக் கேக்க வேணாம்னுதான். ஏற்கெனவே சிரிச்சு சிரிச்சே பாதியாப் போயிட்டீங்க." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "என்னைத் தேடித்தான் வர்றான். நான் போய்த் தொலைன்னு சொன்னேன்ல. சொல்லிக்காம போனவன், உள்ள வரப் பயந்துட்டு வெளியவே நிக்குறான். தினம் பத்து நிமிஷம் நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேப்பேன், தண்ணியைத் திறந்து விட்டுட்டு. எழுதிப் போட்டும் பாத்தாச்சு. வார்த்தையெல்லாம் தேஞ்சு போச்சுங்க. ஆனா சீட்டைப் போடாம வர முடியல. என்ன கேக்கணும்னு தெரியலன்னாலும், கேக்குறேங்கிறதை மட்டும் நிறுத்தக் கூடாதுன்னு வெறுஞ்சீட்டைப் போட்டுட்டு வர்றேன்."

பூட்டண்ணன் கையிருப்பில் இருந்த எல்லாச் சிரிப்பையும் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை.

"அவன் சொல்லிக்காம போகல" என்றார்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"வந்தான். நாலு பத்துக்கு. நான் உள்ள இருந்தேன். விளையாட்டுக்கு…" இரண்டு விரலைச் சேர்த்து, காற்றில் இல்லாத ஒரு குமிழைப் பிடித்துக் காட்டினார். "இப்படிப் பிடிச்சுக்கிட்டேன். திறக்கல. வேன்ல ஹாரன் அடிச்சாங்க. போயிட்டான்."

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். கடவுச்சொல், படியிறங்கிய ஓசை, பத்து நிமிஷ இளிப்பு எல்லாம். சாவியைத் தப்பாக வெட்டியதையும் சொன்னார், அதுதான் எல்லாவற்றிலும் பெரிய குற்றம் என்பதுபோல.

அவள் சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மேசையின்மேல் இருந்த ஐந்து பின்களையும் அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். இந்த ஒன்பது வருஷத்தில் அவளுக்காக அவர் இப்படிப் பயந்து காத்திருந்ததில்லை.

குழாய் நின்றது. அவள் வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"ஒன்பது வருஷம்" என்றாள். "ஒன்பது வருஷம் நான் என் வாயை அறுத்துப் போடணும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு ஜோக்கடிச்சுக்கிட்டிருந்தீங்க."

"ஆமா."

"பாவி மனுஷா."

"ஆமா."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவரைப் பார்க்காமல், கதவின் ஓட்டையைப் பார்த்துக் கேட்டாள்.

"வாசல் வரைக்கும் வந்தானா?"

"வந்தான்."

"ஓடி வந்தானா?"

"மூச்சு வாங்குனது எனக்குக் கேட்டுச்சு."

"கோபமா இருந்தானா?"

"இல்ல. சிரிச்சான். முதல்ல சிரிச்சான்."

"சிரிச்சானா" என்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அழத்தான் செய்தாள், ஆனால் ஒன்பது வருஷமாக அவர் கேட்ட அழுகை இல்லை அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "உங்களை நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அதுக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்."

"காத்திருக்கேன். பழக்கம்தானே."

"முதல்ல போய்க் கதவைத் திறங்க."

"பூட்டே இல்லையே, என்னத்தைத் திறக்க?"

"திறங்கன்னா திறங்க."

எழுந்துபோனார். மேசைக்கும் வாசலுக்கும் நடுவே எட்டே அடி. அந்த எட்டு அடிக்கு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. கதவை இழுத்தார். வராந்தாவில் யாரும் இல்லை. எதிர்வீட்டுப் புதுக் கார்டு பூட்டில் ஒரு பச்சை விளக்கு கண் சிமிட்டியது. கால்மிதியடி ஒரு ஓரமாகத் திரும்பிக் கிடந்தது, யாரோ அவசரமாகத் திரும்பிப் போனமாதிரி. அவர் கால் பட்டும் திரும்பியிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டார். 

திரும்பி வந்து மேசை முன்னால் நின்றார். பின்களைப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தெரிந்த ஒரு விஷயம் அப்போதுதான் அவர் மண்டையில் இறங்கியது. யாராவது தப்புச் சாவியோடு வந்தால் கடையில் அவர் என்ன சொல்வார்? சாவியைக் கொண்டாங்க, சரி பண்ணித் தர்றேன். சாவியைக் கொண்டுவர முடியாத இடத்தில் ஆள் இருந்தால்? அப்போது திருத்த வேண்டியது சாவியை இல்லையே.

பெட்டியைக் கவிழ்த்து, பள்ளம் வெட்டாத ஒரு வெற்றுச் சாவியை எடுத்தார். அரத்தை எடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"தப்பாச் சாவி வெட்டுறேன்."

"அளவு தெரியுமா?"

"நான் பண்ணின தப்பு எனக்குத் தெரியாதா?"

ஐந்து பள்ளத்தையும் வெட்டினார். மூன்றாவதை அரை மில்லி கூடுதலாக இறக்கினார். ஒன்பது வருஷம் கனவில் தடவிப் பார்த்த பள்ளம். பிறகு சிலிண்டரில் மூன்றாவது பின்னை எடுத்துவிட்டு, அதைவிட அரை மில்லி நீளமான பின்னைத் தேடி வைத்தார். தப்புச் சாவியின் பள்ளம் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு கீழே இறங்கி நிற்கும் பின். ஸ்பிரிங்குகளை மாட்டி மூடினார். பழைய நல்ல சாவியைப் போட்டுத் திருகினார். திரும்பவில்லை. தப்புச் சாவியைப் போட்டார். சத்தமில்லாமல் சுற்றியது.

"அப்ப நம்ம சாவி?" என்றாள் அவள்.

"நம்மளுக்கும் தப்பாவே வெட்டிக்குவோம். இனிமே இந்த வீட்டுல சரியான சாவியே கிடையாது."

சிலிண்டர் கதவுக்குத் திரும்பியது. அவள் புதுச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். அவர் உள்ளே நின்றார். குமிழ் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

கதவுக்கு அப்பாலிருந்து அவள் குரல் வந்தது. "கடவுச்சொல் ஏதும் வேணுமா?"

அந்தக் கேள்வியில் கத்தி இருந்தது. கத்திக்குப் பின்னால் வேறு ஏதோவும் இருந்தது.

"வேணாம்" என்றார்.

"கையை எடுத்தாச்சா?"

"எடுத்துட்டேன்."

"ரெண்டு கையையும்?"

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், வகுப்பில் தப்பு செய்த பையன் மாதிரி. அந்த நிலையில், யாரும் கேட்காமலே, உள்ளுக்குள் அது வந்தது. நான்தான் பிடிச்சிருந்தேன் ஆண்டவரே. விட்டுட்டேன். அவனை உள்ள விடுங்க. எங்க இருந்தாலும், எந்த வாசல்ல நின்னாலும், உள்ள விடுங்க. அவ்வளவுதான் ஜெபம். அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை.

சாவி நுழைந்தது. முரண்டு பிடிக்கவில்லை. கதவு திறந்து அவள் உள்ளே வந்தாள்.

ஆறு மணிக்குச் செயலாளர் குழுவோடு வந்தபோது, கதவின் மேல்பக்கம் கார்டு பூட்டு பளபளவென்று இருந்தது. கீழே பழைய பித்தளை.

"பழசை எடுக்கலையா?"

"எடுத்தேன் சார். திரும்ப வந்துருச்சு."

செயலாளர் குனிந்து பார்த்தார். "பச்சை விளக்கு எரியலையே?"

"பாட்டரி போடல. எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கணும்னுதானே எழுதியிருந்தீங்க? இருக்கு. வேலை செய்யணும்னு எழுதலையே."

"எப்பப் போடுவீங்க?"

"கடைசி நாள்னு ஒண்ணு வருதில்ல சார், எக்காளமெல்லாம் ஊதுவாங்களே. அன்னைக்குக் காலையில முதல் வேலையா போட்டுடுறேன்."

செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளே நின்றிருந்த பூட்டக்காவின் வீங்கிய கண்ணைப் பார்த்தார். துரையைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். பட்டியலில் இருபத்து நாலுக்கு நேரே ஒரு டிக் போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு இருவரும் கதவுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். குழாய் மூடியிருந்தது. அவர் எதையும் முணுமுணுக்கவில்லை. அவள் மடியில் புதன்கிழமைக்கான சீட்டு இருந்தது, கையில் பேனா இருந்தது. என் மகன் என்று எழுதிவிட்டு நிறுத்தியிருந்தாள்.

நாலு பத்து ஆயிற்று. நாலு பதினைந்து ஆயிற்று.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதி, சத்தத்தைவிட மோசமாக இருந்தது. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுவதுபோல இருவர் காதும் அதையே தடவிக்கொண்டிருந்தது. 

"வரலையே" என்றாள் மெதுவாக. "இனிமே வரமாட்டானா?"

அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை. பழக்கதோஷம், வாய் தானாகவே பேசிவிட்டது.

"இனிமே எப்படிச் சத்தம் கேக்கும்? சாவிதான் தடுமாறாதே. அவன்பாட்டுக்குத் திறந்துட்டு வந்துருவான்."

சிரிப்புக்காகத்தான் சொன்னார். சொன்ன வார்த்தை கூடத்தின் நடுவில் அப்படியே நின்றது. இருவரும் கதவைப் பார்த்தார்கள். அவள் பேனாவை எடுத்து, பாதியில் விட்ட வரியை முடித்தாள். காகிதத்தை நாலு மூலையும் நடுவுக்கு வரும்படி மடித்து அவர் சட்டைப் பையில் செருகினாள், புதன்கிழமை நீங்கள் போடுங்கள் என்பதுபோல.

பிறகு எழுந்துபோய், கதவைத் திறந்து, கோணலாகக் கிடந்த மிதியடியை நேராகப் போட்டுவிட்டு வந்தாள்.